துப்பாக்கி வாங்காமலே முதல் இம்பாலா மான் வேட்டை

வேட்டைக்குப் போகும் ஆசை வந்ததும் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது துப்பாக்கிக் கடையைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால் 21 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சி நிலையத்தில் தேர்வு எழுதிச் சுட்டுக் காட்ட வேண்டும், போலீஸிடம் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ், வீட்டில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டகம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தால் அவருடைய துப்பாக்கியை நீங்கள் சுடலாம் என்று அதே சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கிறது. பண்ணைகளில் வாடகை ரைஃபிள் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முதல் இரண்டு குளிர்காலத்துக்கு (அதுதான் இங்கே வேட்டைக் காலம்) இது தாராளமாகப் போதும். வேட்டை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிவதற்கு முன்பே .308 ரைஃபிள் ஒன்றை வாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு, வருடம் முழுக்க அதை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தோன்றலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இந்தப் பொழுதுபோக்குக்கே இடமில்லை. இங்கே கதை வேறு. 1991இல் வந்த ஒரு சட்டத்தால், முறைப்படி வேலி போட்டு அதற்கான சான்றிதழும் வாங்கிய நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கு அந்த நிலக்காரருடைய சொத்தாகவே இருக்கிறது, வேலியைத் தாண்டி ஓடினாலும்கூட. அதனால் மாட்டுப் பண்ணை வைத்திருந்த எத்தனையோ பேர் மான் பண்ணைக்கு மாறினார்கள். நாம் போவது இந்த மாதிரி தனியார் நிலத்துக்கு. நம் தாத்தாக்களுக்கு இந்த வழக்கம் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங்பாக், பிளெஸ்பாக் மான்கள் நிறைந்த ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 1980களின் நடுப்பகுதி வரை இந்தியர்கள் குடியிருக்கவே சட்டம் தடை போட்டிருந்தது. நட்டாலில் கரும்புத் தோட்டத்து ஓரம் கினிக் கோழி பிடித்ததோடு அவர்கள் வேட்டை முடிந்தது. ஆகவே இந்த விஷயத்தில் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள நம் வீடுகளில் ஆள் குறைவு, கேட்க வேண்டியதைப் பண்ணைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

டர்பனிலிருந்து போவதானால் என் சிபாரிசு வடக்கு நட்டால்: பொங்கோலா, மகுடு, ம்கூஸே பக்கம். என்2 சாலையைப் பிடித்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். முள்மரக் காடு, இம்பாலா ஏராளம். நியாலா, குடு போன்ற பெரிய மான்களும் இருக்கும், ஆனால் அவை இந்தத் தடவைக்கு இல்லை. குடுக் கிடா ஒன்று 200 கிலோவைத் தாண்டும், அத்தனை கறியை வைக்க இடமும் வேண்டும், விலையும் பல மடங்கு.

போன் செய்யும்போது வெட்கப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள், இதில்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். விலங்கின் விலை தனி, ஆளுக்கு ஒரு நாள் கட்டணம் தனி, தங்குவது தனி, ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் தனி, பக்கிக்கு (பிக்கப் வண்டி) தனி, தோல் உரித்துக் குளிர் அறையில் வைப்பதற்குத் தனி. முக்கியமாக ஒன்று: காயம்பட்டு ஓடி, கிடைக்காமல் போன விலங்குக்கும் முழு விலை கொடுக்க வேண்டும். எல்லாப் பண்ணையிலும் இதுதான் வழக்கம், ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் அது உங்கள் கணக்கு. கொம்புக்காக விற்கும் பெரிய கிடா வேண்டாம், கறிக்குத்தான் வேண்டும், பெட்டையோ இளங்கிடாவோ போதும் என்று சொல்லுங்கள், விலை சட்டென்று இறங்கும். என்ன விலங்கு, ஆணா பெண்ணா, எத்தனை, எந்தத் தேதி என்பதெல்லாம் எழுதி நிலக்காரர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். மாகாண வேட்டை லைசென்ஸ் தேவையா, அதைப் பண்ணையே எடுத்துத் தருமா என்பதையும் அப்போதே கேளுங்கள். கறியோடு திரும்பும்போது அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் காகிதமும் வேண்டும், சாலைத் தடுப்பில் போலீஸ் கேட்பார்கள். 2021இலிருந்து வடக்கு நட்டாலில் கோமாரி நோய் திரும்பத் திரும்ப வந்து கால்நடைக்கும் கறிக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாடு போடுகிறார்கள், ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருமுறை கூப்பிட்டு நிலவரம் கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் சுட ஆசைப்பட்டால் விஷயமே வேறு, அவர்களுக்குப் பதிவு பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் கூட இருந்தே ஆக வேண்டும்.

எப்போது போவது? வேட்டைக் காலம் பொதுவாகக் குளிர்காலம், மே முதல் ஆகஸ்ட் வரை. புல் காய்ந்து கண்ணுக்கு எட்டும் தூரம் தெரியும், ஈ குறைவு, இரவுக் குளிரில் கறி கெடாது. மே மாதம் இம்பாலா இணை சேரும் காலம், கிடாக்கள் தீனி மறந்து ஓடி மெலிந்து கிடக்கும், கறியில் ஒரு வாடையும் இருக்கும். நம் பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஜூன்தான் சரி. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் பூஜைகள் ஆரம்பிக்கும், பல வீடுகளில் கறி நிற்கும், செப்டம்பர் நடுவிலிருந்து புரட்டாசி. ஜூனில் கொண்டுவந்தால் ஆடிக்கு முன்னால் ஒரு பங்கு, ஆடிக்கும் புரட்டாசிக்கும் இடையில் ஒரு பங்கு என்று ஃப்ரீசர் காலியாகிவிடும். இன்னொன்று, பெட்டைகள் நவம்பர் டிசம்பரில் குட்டி போடும், அதாவது ஜூனிலேயே பெரும்பாலானவை சினையாக இருக்கும். சினை விலங்கைக் கொல்லக் கூடாது என்று வீட்டில் பாட்டி சொன்னால் அதில் வாதாட ஒன்றுமில்லை, கொஞ்சம் கூடக் கொடுத்து இளங்கிடா கேட்டுவிடுங்கள்.

பயிற்சியைப் பற்றி. கிளம்புவதற்கு முன்னால் நகரத்திலேயே ஒரு சுடும் ரேஞ்சில் பயிற்றுநரோடு நாலைந்து வாரம் போங்கள். பெஞ்சில் உட்கார்ந்து மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால் எல்லோரும் சூரர்கள்தான், காட்டில் பெஞ்ச் கிடையாது. மூன்று கால் குச்சி ஒன்றை வாங்கி (மொத்தத்தில் நீங்கள் வாங்க வேண்டிய ஒரே சாமான் அதுவாகத்தான் இருக்கும்) நின்றபடி அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து 100 மீட்டரில் பழகுங்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் ஐந்துக்கு ஐந்தும் விழும் வரை விடாதீர்கள், அது வராவிட்டால் உங்கள் தூரம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. விசையை இழுக்காமல் விரலால் மெல்ல அழுத்திப் பழக வேண்டும், வெடிச் சத்தத்துக்குக் கண்ணை மூடும் பழக்கம் போக வேண்டும். அதற்குப் பயிற்றுநரிடம் வெடிக்காத போலித் தோட்டாவை நடுவில் கலந்து போடச் சொல்லுங்கள், உங்கள் குட்டு உடனே வெளிப்படும். .243 ரைஃபிள் இம்பாலாவுக்குப் போதும், உதையும் குறைவு. பண்ணைக்குப் போனதும் வேட்டைக்கு முன் அவர்களுடைய ரைஃபிளில் குறிப்பலகைக்கு மூன்று தோட்டா சுட்டே ஆக வேண்டும். நேரமில்லை, நேராகக் காட்டுக்குப் போகலாம் என்று சொல்கிற பண்ணை எனக்குப் பிடிக்காது.

எங்கே குறி வைப்பது என்பதைப் படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆக்குங்கள். விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலின் பின்பக்கத்தோடு ஒரு கோடு மேலே போகிறது என்று வைத்துக்கொண்டு, உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். அங்கே இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. தலையில் சுட்டால் கறி வீணாகாது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். தாடை உடைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் சாகும் மான்களை உண்டாக்குவது அந்த ஆசைதான், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

காட்டில் உங்களுக்கு எஜமான் ட்ராக்கர், அதாவது தடம் பார்த்துக் கூட்டிப்போகிறவர். பெரும்பாலும் ஸூலு பேசுபவராக இருப்பார், வயதில் மூத்தவரென்றால் பாபா என்று கூப்பிடுங்கள், காலையில் சாவுபோனா (வணக்கம்) சொல்லிக் கையைப் பிடியுங்கள். அவர் நின்றால் நில்லுங்கள், குனிந்தால் குனியுங்கள், வாயைத் திறக்காதீர்கள். காற்று முகத்தில் அடிக்கிற மாதிரிதான் நடப்பார், மானின் மூக்குக்கு நம் வாசனை போனால் அன்றைய பொழுது முடிந்தது (சென்ட், வாசனை சோப்பு, பையில் மசாலா வடை எல்லாம் வீட்டோடு இருக்கட்டும்). காக்கியோ பச்சையோ உடுத்துங்கள், வெள்ளையும் நீலமும் வேண்டாம். இம்பாலா கூட்டமாக நிற்கும், ஐம்பது கண் உங்களைத் தேடும், சுட வேண்டியதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கும். தோட்டா ஒன்றைத் துளைத்துக்கொண்டு அடுத்ததில் போய்ச் சேரும், விலை இரண்டுக்கும் நீங்கள்தான். மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் விலங்கை ஒருபோதும் சுடாதீர்கள், ரைஃபிள் தோட்டா மூன்று நாலு கிலோமீட்டர் தாராளமாகப் போகும், அந்தப் பக்கம் ஆள் இருக்கலாம், குடிசை இருக்கலாம். விசைமேல் விரல், சுட முடிவு செய்த பிறகுதான். குச்சியில் துப்பாக்கி ஆடினாலோ, புதர் மறைத்தாலோ, மனசு ஒப்பவில்லை என்றாலோ தலையை ஆட்டி வேண்டாம் என்று காட்டுங்கள். நல்ல ட்ராக்கர் கோபப்பட மாட்டார், ரத்தத் தடத்தைத் தேடிக்கொண்டு முள்ளுக்குள் தவழப் போவது அவர்தானே.

சுட்டதும் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, அது எந்த மரத்துப் பக்கம் ஓடியது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஓடிப் போய்ப் பார்க்காதீர்கள். நுரையீரலில் பட்ட இம்பாலாகூட நூறு மீட்டர் ஓடித்தான் விழும், துரத்தினால் இன்னும் ஓடும். பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்து, நின்ற இடத்தில் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நுரையாக இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பென்றால் ஈரல். பச்சையாகத் தழை கலந்து நாற்றம் வந்தால் குடலில் பட்டிருக்கிறது, அப்போது ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார வேண்டும். விழுந்து கிடப்பதன் பின்பக்கமாகப் போய், நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டு, அசைவில்லை என்று உறுதியான பிறகே கை வைக்க வேண்டும்.

உண்ணிகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், மருந்து அடித்துக்கொள்ளுங்கள், இரவில் குளிக்கும்போது இடுக்கெல்லாம் தேடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தலைவலி, காய்ச்சல், கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்கு என்று வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், வேட்டைக்குப் போயிருந்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

கறி நன்றாக இருப்பதும் கெடுவதும் முதல் அரைமணி நேரத்தில். ரத்தத்தை வடித்து, குடலைக் கிழிக்காமல் எடுத்து, உடம்புச் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்ற வேண்டும். முதல் தடவை ட்ராக்கர் செய்வதைப் பாருங்கள், கையை அழுக்காக்கிக் கொஞ்சம் உதவுங்கள். ஈரலில் புள்ளியோ கட்டியோ இருந்தால் பண்ணைக்காரரிடம் காட்டுங்கள். குடலும் தலையும் பல பண்ணைகளில் வேலைக்காரர்களுக்குப் போகும், உங்களுக்குக் குடல் கறி பிடிக்குமென்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், பிடுங்காதீர்கள். உரித்தபின் குளிர் அறையில் மூன்று நாளாவது தொங்கினால் கறி இளகும். தோட்டா பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி எறியுங்கள், ஈயத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை சிதறியிருக்கும், குழந்தைகள் சாப்பிடும் கறி இது. இம்பாலாக் கிடா ஒன்றில் எலும்பு நீக்கி இருபது கிலோ அளவுக்குக் கறி எதிர்பார்க்கலாம், இளசென்றால் குறையும்.

சமையலில் ஆட்டுக்கறி மாதிரி நினைத்து இறங்கினால் நார் நாராக வரும். மானில் கொழுப்பே கிடையாது. மேலே இருக்கும் வெள்ளிச் சவ்வைக் கத்தியால் முழுக்க எடுத்துவிட்டு, கால் கறியை எலும்போடு, ஆட்டுக் கொழுப்பு ஒரு துண்டு சேர்த்து, நம் டர்பன் மசாலாவும் கறிவேப்பிலையும் தக்காளியும் போட்டு இரண்டு இரண்டரை மணி நேரம் சின்னத் தீயில் விடுங்கள். உருளைக்கிழங்கைக் கடைசி அரைமணியில் போட்டால் கரையாமல் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். முதுகுத் தண்டோடு ஒட்டிய சதையைக் குழம்பில் போடுவது பாவம், அதை பிராய் (வெளியில் மூட்டிக் கறி சுடும்) நெருப்பில் இரண்டு பக்கமும் காட்டி எடுத்துவிடுங்கள்.

பின்தொடையைப் பில்டாங்குக்கு (இங்கத்து உப்புக்கண்டம்) ஒதுக்குங்கள். நரம்பு ஓடும் திசையிலேயே இரண்டு விரல் தடிமனுக்கு நீள நீளமாக வெட்டி, கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு, வினிகர், வறுத்துக் கொரகொரவென்று இடித்த கொத்தமல்லி, மிளகு, விருப்பப்பட்டால் காய்ந்த மிளகாய். ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறியதும் கொக்கியில் தொங்கவிட வேண்டும். டர்பன் ஈரக் காற்றில் திறந்த வராண்டாவில் தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும், ஒரு பெட்டியில் சின்ன ஃபேனும் பல்பும் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் மாட்டுங்கள். நாலைந்து நாளில் எடை பாதியாகும். வெளியே கட்டியாகி, அழுத்தினால் நடுவில் லேசாக அமுங்கும் பதத்தில் இறக்கி, காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் இரண்டே நாளில் வியர்த்துப் போய்விடும்.