போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கு, கம்பத் தொடவே பிடிக்கலையா?

சிலம்பம் போட்டி நெருங்குறப்போ தினமும் 3 மணி நேரம் சுத்தி சுத்தி கடைசில கம்பப் பாத்தாலே எரிச்சல் வருதுன்னா அது சோம்பேறித்தனம் இல்லங்க, உடம்பு நெஜமாவே ஓஞ்சுபோயிருக்கலாம். காலைல முழிச்சதும் படுத்தபடியே ஒரு நிமிஷம் நாடித்துடிப்ப எண்ணுங்க, வழக்கத்தவிட ஏழெட்டு கூட இருந்து அதுவே நாலஞ்சு நாளா தொடர்ந்தா மொதல்ல 2 நாள் முழு ரெஸ்ட். அப்புறம் ப்ராக்டிஸ் நேரத்த பாதியாக்குங்க, ஆனா வேகத்த கொறைக்காதீங்க, இதுதான் முக்கியம், ஒற்றைக்கம்பு வீச்சு 10 ரவுண்டுக்கு பதிலா 5, அந்த அஞ்சு ரவுண்டும் போட்டில வீசுற மாதிரியே இருக்கணும். தொடுமுறைல (எதிராளிய கம்பால தொட்டு புள்ளி எடுக்குற ஆட்டம்) புதுசா எதுவும் கத்துக்க வேணாம். ராத்திரி 8 மணி நேரம் தூங்குங்க. எடைப்பிரிவுக்காக பட்டினி கெடக்குறது மட்டும் தயவுசெஞ்சு வேணாம், சின்னப் பசங்கள அப்படி பாக்குறப்போ மனசு பதறுது. ரெஸ்ட் எடுத்தும் துடிப்பு எறங்கலன்னா டாக்டர்ட்ட காட்டிடுங்க.