ஆயில் மட்டம் ஏறினால் மோந்து பாருங்கள்

கோயம்புத்தூரில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு சென்னை வில்லிவாக்கம் திரும்பினேன். மறுநாள் காலை மார்க்கெட் போகலாம் என்று படிக்கட்டுக்கு அடியில் நின்ற என் 1998 ஸ்ப்ளெண்டரை மிதித்தால், கிக்கர் பாதியில் கல் மாதிரி நின்றுவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது டேங்கில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் இருந்தது. இப்போது மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினால் அடியில் கொஞ்சம்தான் சலசலக்கிறது. “எவனோ உறிஞ்சிட்டுப் போயிட்டான்” என்றாள் மனைவி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை என்பதால் நானும் நம்பிவிட்டேன்.

என்ஜின் ஆயில் மட்டம் பார்க்கிற ஸ்டிக்கைக் கழற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஸ்டிக்கின் கழுத்து வரை ஏறியிருந்தது. விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. பெட்ரோல் பங்க்கில் நிற்கிற வாசனை. கீழ் வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, “லெவல் ஏறியிருந்தா நல்லதுதானே மாமா?” என்றான். “ஆயில் குட்டி போடாதுடா” என்றேன். உண்மையில் அந்தப் பேச்சு எனக்குத்தான் பொருந்தும். அதற்கு முந்தைய இரண்டு மாதமாகவே மட்டம் லேசாக ஏறிக்கொண்டிருந்தது. பழைய வண்டி ஆயில் குடிக்காமல் இருக்கிறதே என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் இதே சந்தேகம் இருந்தால் முதலில் மட்டத்தைச் சரியாகப் பாருங்கள். சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் கணக்குத் தப்பும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஸ்டிக்கைத் துடைத்து, மரையைச் சுற்றாமல் சும்மா உட்காரவைத்து எடுக்க வேண்டும். பிறகு இரண்டு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு, பக்கத்திலேயே புது ஆயில் இரண்டு சொட்டு விடுங்கள். பெட்ரோல் கலந்தது சட்டென்று அகலமாகப் பரவும். சிலர் ஸ்டிக்கில் தீக்குச்சி காட்டிப் பார்ப்பார்கள். அந்த வித்தை வேண்டாம், மூக்கு போதும். ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் உள்ளே போனது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டி மூழ்கியவர்கள் அந்த நிறத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு வைத்தியம் வேறு.

பெட்ரோல் எப்படி ஆயிலுக்குப் போகிறது? பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டரின் கிண்ணத்தில் ஒரு ஃப்ளோட் மிதக்கிறது. பெட்ரோல் நிறைந்ததும் அது மேலெழுந்து, நீடில் எனும் சின்ன ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். ஊசி சரியாக அடைக்காவிட்டால் கிண்ணம் நிரம்பி வழியும். வழிவது ஓவர்ஃப்ளோ டியூப் வழியாகத் தரையில் சொட்ட வேண்டும். அந்த டியூபும் அடைத்திருந்தால் பெட்ரோலுக்கு மிச்சம் இருக்கிற வழி என்ஜின்தான். ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது, கார்பரேட்டர் அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இன்லெட் வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருந்தால் நேராக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்து, ஆயிலோடு சேர்ந்துவிடும். வண்டியை நிறுத்தும்போது டேங்க் அடியில் இருக்கிற பெட்ரோல் டேப்பை மூடியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. நான் மூடுவதே இல்லை.

ஆகவே, வாசனை வந்த நிமிஷத்திலிருந்து ஸ்டார்ட் பண்ணும் முயற்சியை விட்டுவிடுங்கள். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்கும் கேம் ஷாஃப்டும் தேயும். சிலிண்டருக்குள் பெட்ரோல் நிற்கும்போது, தள்ளிக்கொண்டு ஓடி கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது இன்னும் மோசம். திரவம் அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுதான் வளையும். டேப்பை மூடி வண்டியை வெளியே உருட்டுங்கள். எங்கள் படிக்கட்டுக்கு அடியில் ஈபி மீட்டர் போர்டும் தண்ணீர் மோட்டார் ஸ்விட்சும் இருக்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். மாடியிலிருந்து யாராவது இறங்கி வந்து மோட்டார் போட்டால் ஒரு பொறி போதும்.

வெளியே கொண்டுபோய் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரைத் தள்ளி வைத்தேன். கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினால் பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் பீச்சியடித்தது. முகத்தை நேராக வைக்காதீர்கள். பிறகு அடியில் டப் வைத்து 17 நம்பர் ஸ்பானரால் ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். போன தடவை ஊற்றியது 900 மில்லி. வந்தது ஒன்றரை லிட்டருக்கும் மேல்.

இங்கேதான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். புது ஆயில் ஊற்றி, வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். ஓட்டையை அடைக்காமல் ஆயில் மாற்றினால் அடுத்த வாரம் அதே கதைதான்.

நான் முதலில் ஓவர்ஃப்ளோ டியூபைத்தான் பார்த்தேன். கார்பரேட்டர் அடியிலிருந்து என்ஜினுக்குப் பின்னால் தொங்குகிற மெல்லிய ரப்பர் குழாய். நுனியைத் திருப்பினால் களிமண் வைத்துப் பூசியதுபோல் மூடியிருந்தது. கம்பியால் குத்தியதும் மண் பொடியாக உதிர்ந்தது, கூடவே காய்ந்த சிலந்திகள் இரண்டு. குளவிக் கூடு! புழுவுக்குத் தீனி சேர்த்து வாசலைப் பூசிவிட்டுப் போயிருக்கிறது. முப்பது வருஷம் ரயில் பெட்டிகளில் ஸ்பானர் பிடித்த நான் இப்படி ஒரு அடைப்பைப் பார்த்ததில்லை. இந்த ஓட்டை திறந்திருந்தால் முதல் வாரமே தரையில் சொட்டி, வாசனை வந்து, கீழ் வீட்டுக்காரர் போன் பண்ணியிருப்பார். கார்பரேட்டர் சொட்டுகிறது என்று எரிச்சல்பட்டு அந்த டியூபைச் சிலர் மடக்கிக் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது டேப். கார்பரேட்டர் பக்கம் குழாயை உருவி ஒரு சின்ன கேனுக்குள் விட்டு, டேப்பை மூடிய நிலையில் ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்தேன். காலையில் கேனில் ஒரு ஸ்பூன் அளவு. அப்படியானால் மூடினாலும் என் டேப் கசிகிறது, உள்ளே வாஷர் போய்விட்டது. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1998-ல் செய்த ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. கழற்றுகிற ரப்பர் எதையும் திரும்பப் போடாதீர்கள், எல்லாம் புதுசு.

நீடிலைப் பார்க்கக் கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். திருப்புளி திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் தலை மழுங்கி நாள் முழுக்க வீணாகும். ஃப்ளோட் பின்னைத் தள்ளினால் ஃப்ளோட்டும் ஊசியும் கையோடு வரும். ஊசியின் கூர்முனையை நகத்தால் தடவினேன். மோதிரம் மாட்டினது போல ஒரு வளையப் பள்ளம் தட்டுப்பட்டது. அவ்வளவுதான், அது போச்சு. ஊசி உட்காரும் துளையில் டேங்க் துரு துணுக்குகளும் இருந்தன. கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் ஓட்டை. ஃப்ளோட்டின் உலோக நாக்கை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு வளைக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் மாறினாலும் மட்டம் மாறிவிடும்.

உதிரிக்கு நான் போனது வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோங்கள், ஒரே மாடல் வண்டியிலும் கார்பரேட்டர் மாறியிருக்கும். புதுப்பேட்டையில் பழைய கார்பரேட்டரே கிடைக்கும், ஆனால் அதன் ஊசியின் வயசு யாருக்குத் தெரியும்?

எல்லாம் மாட்டிய பிறகு டேப்பைத் திறந்து, வண்டியை வெளியிலேயே ஒரு மணி நேரம் நிறுத்தி, ஓவர்ஃப்ளோ நுனிக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தேன். தாள் காய்ந்தே இருந்தது. அதற்கப்புறம்தான் ஆயில். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு நிதானமாக இறுக்குங்கள், அலுமினிய மரை கோபத்தைத் தாங்காது. கிளட்ச் ஆயிலிலேயே ஊறுகிற வண்டி, அதனால் கார் ஆயில் கூடாது, டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற பைக் ஆயில் தரக் குறி இருக்க வேண்டும். பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவியிருக்கும் என்பதால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, நாலு தடவை மெதுவாக மிதித்தபின் பிளக்கை மாட்டினேன். மூன்றாவது உதையில் எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் புகை வந்து நின்றது. இந்த முதல் ஆயிலை 300 கிலோமீட்டரில் இறக்கிவிடுங்கள், விலை குறைந்ததே போதும். வடித்த பழையதை மூடியுள்ள கேனில் அடைத்து, பெட்ரோல் கலந்தது என்று சொல்லியே மெக்கானிக் கடையில் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெடுநாள் நின்ற புல்லட்டில் ஸ்டிக்கில் ஆயில் குறைந்தது போலக் காட்டினால் அது ஆயில் தன் அறையிலிருந்து கிராங்க் சுழலும் பக்கம் இறங்கிய கதை. அவசரப்பட்டு மேலே ஊற்றாதீர்கள். ஆர்எக்ஸ்100 டூ ஸ்ட்ரோக், அதில் கியர் ஆயில் தனி, இந்தக் கட்டுரை அதற்கில்லை.

நாலு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு முன்னால் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறேன், மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. ராத்திரி டேப்பை மூடுகிறேன், கீழ் வீட்டுப் பையன் கேட்டால் மூடிவிட்டேன் என்று காட்டுகிறேன். ஓவர்ஃப்ளோ டியூபின் வாயில் மெல்லிய கம்பி வலை ஒரு துண்டு சுற்றியிருக்கிறேன். குளவி போன வாரம் திரும்பி வந்தது, இப்போது என் ஹெல்மெட்டின் காற்றுத் துளையில் மண் பூசிக்கொண்டிருக்கிறது.