புரதம்: யாழ்ப்பாணச் சாப்பாட்டில் கணக்குப் பிழைக்கும் இடங்கள்

நோய்நொடி இல்லாத வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம். இது புரதத்தின் எடை, மீனின் எடையல்ல. 100 கிராம் மீன் சதையில் புரதம் ஏறத்தாழ 20 கிராம்தான். பலரின் கணக்கு முதலில் இங்கேதான் பிழைக்கிறது.

அடுத்தது கறிச்சட்டியில். சத்தெல்லாம் குழம்பில் இறங்கிவிட்டதென்று பிள்ளைக்குக் குழம்பை மட்டும் விட்டுச் சோறு குழைத்துத் தீத்துவார்கள். சூடு பட்டதும் புரதம் இறுகிப் பெரும்பாலும் சதையிலேயே நின்றுவிடும். குழம்பில் இருப்பது உப்பு, புளி, கொழுப்பு, தோலிலும் எலும்பிலும் இருந்து கரைந்து வரும் ஜெலற்றின் என்ற புரதம் கொஞ்சம். ஆட்டெலும்பு ரசமும் இப்படித்தான்; புரதம் அமினோ அமிலங்களால் ஆனது, அவற்றில் உடம்பு தானாகச் செய்யமுடியாத, சாப்பாட்டில்தான் கிடைக்கவேண்டிய டிரிப்டோபான் ஜெலற்றினில் அறவே கிடையாது. தடிமனுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்கு முள்ளெடுத்த மீனைப் பிசைந்து கொடுங்கள்.

இடியப்பம், சொதி, சம்பல் என்று முடியும் காலைச் சாப்பாட்டிலும் புரதம் குறைவு. 100 கிராம் அரிசிமாவில் 6, 7 கிராம் இருக்கும். தேங்காய்ப்பால் தருவது பெரும்பாலும் கொழுப்பு. கூட ஒரு அவித்த முட்டை வைத்தால் இன்னொரு 6 கிராம். மஞ்சட்கருவை எறிய வேண்டாம், முட்டைப் புரதத்தில் பாதிக்குக் கிட்ட அதில்தான் இருக்கிறது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் நிறுத்தும் வீடுகளில் மீன் இருந்த இடத்துக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியும் அப்பளமும் வந்துவிடும். பருப்பு இருக்குமே என்பீர்கள். நாலு பேருக்கு 100 கிராம் மைசூர்ப் பருப்பைத் தண்ணியாகக் காய்ச்சினால் ஆளுக்கு 6 கிராம்தான் கிடைக்கும். அதை 200 கிராமாக்கித் தடிப்பாக வையுங்கள். பின்னேரம் ஆளுக்கு 50 கிராம் கடலை ஊறவைத்து அவித்தால் மேலும் 10 கிராம். அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பும் கடலையும் ஈடுசெய்யும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டுமென்றில்லை, அன்றைக்குள் உடம்புக்குச் சேர்ந்தால் போதும். சோயாமீற்றில் 100 கிராமுக்கு 50 கிராம் புரதம் என்பது காய்ந்த எடைக்குரிய கணக்கு. ஊறியபின் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஊறியதன் எடைக்கு அந்த 50ஐப் போட்டுப் பார்ப்பது பிழை.

பெரியபிள்ளையான பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கக் கொடுப்பதை விட்டுவிடலாம். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் செரிக்கும், அவித்ததில் 90 சதவீதம் செரிக்கும். சல்மொனெல்லாக் கிருமி வேறு தொற்றக்கூடும். உழுத்தங்களியை நிறுத்த வேண்டாம்: 100 கிராம் உழுந்தில் 24 கிராம் புரதம்.

வயது போனவர்களுக்கு உண்மையில் கூடுதலாக வேண்டும், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. ஆனால் பல்லில்லை, பசியில்லை என்று இரவில் இரண்டு துண்டுப் பாணும் தேத்தண்ணியுமாக முடித்துவிடுவார்கள். தேத்தண்ணிக்குப் போடும் ஒரு கரண்டி பால்மாவில் 1, 2 கிராம்தான். தசை கரைந்து கால் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். மசித்த பருப்பு, தயிர், உதிர்த்த மீன், குழைய அவித்த பயறு எதற்கும் பல் தேவையில்லை.

சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. டயலிசிஸ் (இயந்திரம் போன்றவற்றால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்வதுண்டு. தொடங்கியபின் அமினோ அமிலங்கள் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு மெலிந்துபோகிறவர்கள் உண்டு. டயலிசிஸ் தொடங்கியதும் புது அளவை கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள்.