பையர் மெயில்ல வர்ற ‘ரன்’: பனியன் கம்பெனிக்குப் புதுசா வர்றவங்களுக்கு

திருப்பூர்ல, ஆர்டர் குடுக்கற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல நிக்கற மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் புதுசாச் சேர்ற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதறேனுங்க. ‘ரன்’னா ஓடறதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பின்னால ‘பை’, ‘அவுட்’, ‘இன்டு’, ‘அப்’னு ஒரு குட்டிச் சொல்லு வாலாட்டம் ஒட்டினா அர்த்தமே வேற ஆயிடுது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரங்க இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள் பிரிச்சிருக்காங்க. நம்ம மேசைக்கு வர்றது பத்துப் பன்னெண்டுதான், பயப்படாதீங்க.

படி 1: வால் எங்க இருக்குதுன்னு பாருங்க

மெயில்ல ‘ரன்’ வந்தா அந்த வாக்கியத்தை முழுசா நோட்டுல எழுதி, வால் சொல்லைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. வால் எப்பவும் ‘ரன்’னுக்குப் பக்கத்துலயே இருக்காது. நான் தடுக்கி விழுந்தது இங்கதான், அதனால கொஞ்சம் விவரமாச் சொல்றேன்.

எங்க பேட்டர்ன்ல துணி சுருங்கறதுக்கு ஏத்த மாதிரி அளவைத் திருத்தியிருந்தோம். பையர் ஆபீஸ்ல இருந்து மெயில்: ‘ப்ளீஸ் ரன் த ரிவைஸ்டு சார்ட் பை அஸ் பிஃபோர் கட்டிங்.’ நான் ‘ரிவைஸ்டு சார்ட் பை அஸ்’ வரைக்கும் ஒரே துண்டாப் படிச்சு, அவங்களே திருத்தி அனுப்பின அளவு சார்ட்டுன்னு எடுத்துக்கிட்டேன். கூடவே புதுசா ஒரு சார்ட் இணைச்சிருந்ததால சந்தேகமும் வரல. கட்டிங் மாஸ்டர் விரிச்சு வெச்ச துணி மேல கையை வெச்சுக்கிட்டே, “கண்ணு, நம்ம திருத்தினதை அவிங்க பாத்துட்டாங்களா?”ன்னு கேட்டாரு. “இதையே ஓட்டச் சொல்லிட்டாங்க மாஸ்டர்”னு சொன்னேன். 300 பீஸ் வெட்டினதுக்கப்புறம் பையர் போன் பண்ணாங்க. மார்பளவுல அரை இன்ச் வித்தியாசம். அந்த 300 பீஸும் காதர்பேட்டைச் சந்தையில கழிச்ச சரக்கு விலைக்குத்தான் போச்சு. மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

‘ரன் இட் பை அஸ்’னா, ‘எங்ககிட்டக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க’ன்னு அர்த்தம். வெட்டறதைப் பத்தின பேச்சே அதுல இல்ல, சம்மதம் கேக்கறது மட்டும்தான். கண்டுபிடிக்கிற வழி சுலபம். ‘பை’க்குப் பின்னால ஆள் வந்தா காட்டிக் கேக்கணும். நாளோ நேரமோ வந்தா அது வெறும் கெடு: ‘ரன் த ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் பை ஃப்ரைடே’ன்னா துணி எவ்வளவு சுருங்குதுன்னு பாக்கற டெஸ்ட்டை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்கன்னு அர்த்தம். இங்க ‘ரன்’ நிஜமாவே ‘நடத்து’தான்.

படி 2: யாரு தீர்ந்தாங்கன்னு குழம்பாதீங்க

‘வி ரேன் அவுட் ஆஃப் யார்ன்.’ தமிழ்ல நூல்தான் தீரும், நாம தீர மாட்டோம். இங்கிலீஷ்ல ‘நாம’ எழுவாயா வந்து நிக்குது, அவ்வளவுதான். ‘நமக்கு நூல் தீந்துபோச்சு’ன்னு திருப்பிப் போட்டுக்கங்க. ‘த யார்ன் ரேன் அவுட்’னாலும் அதேதான்.

‘ரன்னிங் ஷார்ட்’ வேற. நூல் கையில இருக்குது, ஆனா ஆர்டருக்குப் பத்தாம வருதுன்னு அர்த்தம். இதைத் தீந்துபோச்சுன்னு நிட்டிங் யூனிட்டுக்குச் சொன்னா மிஷினை நிறுத்திருவாங்க.

படி 3: வாயில வர்ற தமிழை எழுதுங்க

முதல்ல ‘ஓடு’, ‘ஓட்டு’ பொருந்துதான்னு பாருங்க. நம்ம ஊர்ல தறி ஓடுது, கடை ஓடுது, யூனிட் ஓட்டறோம். அங்கெல்லாம் ‘ரன்’னும் அதேதான். வாஷ் கேர் லேபிள்ல ‘கலர்ஸ் மே ரன்’னு இருந்தா மட்டும் ‘சாயம் போகும்’. சாயம் ஓடும்னு எந்த டையிங் மாஸ்டரும் சொல்ல மாட்டாரு.

‘ரன் அப் எ சாம்பிள்’னா சட்டுனு ஒண்ணு தைச்சுக் குடுக்கறது. ‘ரன் அப் எ பில்’னா பாக்கி ஏறவிடறது. ‘ரன் இன்டு’க்கு மூணு முகம்: சிக்கல்னு வந்தா ‘மாட்டிக்கிட்டோம்’, ஆளுன்னா ‘எதேச்சையாப் பாத்தேன்’, தொகைன்னா ‘லட்சக்கணக்குல போச்சு’.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ‘ரன் ஆஃப் த மில்’. தரம் பிரிக்காம மில்லுல இருந்து வந்தபடியே இருக்கிற சரக்குக்குத்தான் அந்தப் பேரு. இப்ப எதுல வேணாலும் ‘சாதாரண ரகம்’னு அர்த்தம். பையர் உங்க டிசைனைப் பத்தி இப்படி எழுதினா அது பாராட்டு இல்லீங்க. ஏ கிரேடு, பி கிரேடுன்னு பீஸ் பிரிக்கிற ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க அகராதியே வேண்டாம்.

எதைப் பாக்கலாம்?

என் ஓட்டு கேம்பிரிட்ஜ் இணைய அகராதிக்குத்தான். காசில்ல, வாலோட சேர்ந்த வினைகளுக்குத் தனிப் பக்கமும் இருக்குது. மொழிபெயர்ப்புச் செயலியில போடறதா இருந்தா முழு வாக்கியத்தையும் போடுங்க. ‘ரன் பை’ன்னு ரெண்டு சொல்லை மட்டும் போட்டா உருப்படியா எதுவும் வராது. பழகறதுக்குக் கோடு போட்ட நோட்டுதான் நல்லது. பையரோட வாக்கியத்தை இடப்பக்கமும், மாஸ்டர்கிட்ட நீங்க எப்படிச் சொல்வீங்களோ அதை வலப்பக்கமும் எழுதுங்க.

பின்சேர்க்கை

அவிநாசியில இருந்து ஒரு தங்கச்சி, ‘த மீட்டிங் ரேன் ஓவர்’னு வந்ததைப் பாத்துட்டு ஏதோ விபத்துன்னு பதறிட்டேன்னு எழுதியிருந்தாங்க. மீட்டிங்குக்கு வந்தா சொன்ன நேரத்தைத் தாண்டிப்போச்சுன்னு அர்த்தம். வண்டி, ஆளு, நாய்னு வந்தாத்தான் ஏத்திட்டாங்கன்னு பொருள். ‘ரன் இட் பாஸ்ட் மீ’யும் ‘பை மீ’யும் ஒண்ணுதான்.

இன்னொருத்தர் பதில் எழுதறப்ப வர்ற தப்பைக் கேட்டிருந்தாரு. ‘ஹேவ்’ வந்தா ‘ரேன்’ போடக் கூடாது, ‘வி ஹேவ் ரன் அவுட்’தான் சரி. ‘ஹேவ்’ இல்லாம நேத்து நடந்ததைச் சொல்றப்ப மட்டும் ‘ரேன்’ போடுங்க.