சற்றே குட்டையான ரைஃபிள் தோட்டாக் கூடு: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது

அமெரிக்காவில் தோட்டாக்களைத் தாமே நிரப்பப் பழகும் பலர், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடு கையேட்டில் உள்ள 'வெட்டும் நீளத்தை' (சுட்டுச் சுட்டு நீண்டுபோன கூட்டை வெட்டிக் குறைக்க வேண்டிய அளவை) விடச் சற்றுக் குறைந்திருந்தால், நல்ல கூட்டையும் கழித்துவிடுகிறார்கள். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எப்படி அளந்து முடிவெடுப்பது என்று விளக்குகிறேன். (இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் உள்ளவர்களுக்கே இவ்விளக்கம்.)

முதலில் கூட்டைத் துடைத்து, மசகு தடவி, சைஸிங் டையில் (கூட்டை மீண்டும் உரிய அளவுக்கு நெருக்கும் அச்சில்) செலுத்தி எடுங்கள். அதற்கு முன் எடுக்கும் அளவை நம்ப வேண்டாம். டை கூட்டின் உடலை நெருக்கும்போது பித்தளை கழுத்தை நோக்கி நகர்வதால், குட்டையாகத் தெரிந்த கூடு டையிலிருந்து வெளிவரும்போது சற்று நீண்டிருக்கும்.

அடுத்து, காலிப்பரைப் பூச்சியத்தில் சரிபார்த்து, அடிப்பகுதியிலிருந்து வாய் வரை அளவிடுங்கள். .308-க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், வழக்கமான வெட்டும் நீளம் 2.005, தொழில்துறைத் தரவரைவின் கீழ் எல்லை 1.995. உங்கள் கூடு 2.000 காட்டினால், அது வெட்டும் நீளத்தைவிடக் குறைவுதான், ஆனால் தரத்திற்கு உட்பட்டதே. அதை நிரப்பலாம், சில முறை சுட்டுச் சைஸ் செய்தால் தானாகவே வளரும்.

இதில் அச்சப்படத் தேவையில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம், .308 கூடு துப்பாக்கியின் வெடி அறைக்குள் தன் தோளில்தான் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவில்தான்) தங்கி நிற்கிறது, வாயில் அல்ல. ஆகவே வாய் சிறிது பின்தங்கினாலும் கூட்டின் இருப்பிடம் மாறாது, சுமார் 0.30 அங்குலக் கழுத்தில் 0.005 குறைந்தால் குண்டைப் பிடிக்கும் பரப்பு 2 விழுக்காடுகூடக் குறைவதில்லை. உண்மையான ஆபத்து அதிக நீளத்தில்தான் இருக்கிறது: வாய் அறையின் முன்விளிம்பில் இடித்துக் குண்டை இறுகப் பிடித்தால் அழுத்தம் கட்டுமீறும். ஆனால் இந்த விதியை .30 கார்பைன் என்ற தோட்டாவுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது வாயில் தங்கும் வகை என்பதால், அதில் குட்டையான கூடு உண்மையிலேயே சிக்கல்தான்.

நீளத்தைவிட நான் கவனமாகப் பார்ப்பது கூட்டின் அடிப்பகுதியை. அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ, முனை வளைத்த மெல்லிய கம்பியை உட்சுவரில் இழுக்கும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, நீளம் எதுவாக இருந்தாலும் அக்கூட்டைக் கழித்துவிடுங்கள். அடுத்த முறை சுடும்போது அது இரண்டாகப் பிரியக்கூடும்.

தேறியவற்றை நீளவாரியாகப் பிரியுங்கள். வாய் விளிம்பைக் குண்டின் பள்ளத்தில் அழுத்திக் கிரிம்ப் செய்வோருக்கு இது இன்றியமையாதது, ஏனெனில் டையை ஒரு நீளத்திற்கு அமைத்தபின் குட்டையானதில் கிரிம்ப் விழாது, நீளமானதில் அளவுக்கு மீறி விழும். கிரிம்ப் செய்யாதவர்கள் இதை விட்டுவிடலாம். 1.995-க்கும் கீழே உள்ளவற்றைப் புதியவர்கள் ஒதுக்கிவைப்பதே நல்லது.

கடைசியாக, குட்டையான கூடுகளையே தொடர்ந்து சுட்டால் வாய்க்கும் அறை விளிம்புக்கும் இடையிலான இடைவெளியில் கரி வளையமாக இறுகும். நீளமான கூடுகளுக்கு மாறும் முன் அந்த இடத்தைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.