சென்னை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ற செடிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னையில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள், செடி கருகினால் உடனே வெயிலைக் குறை சொல்கிறார்கள். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் கடலோரப் பகுதிகளில் பல செடிகள் வாடுவதற்கு நாம் ஊற்றும் தண்ணீரில் உள்ள உப்பே முதற்காரணம். ஆகவே நர்சரியில் பூவைப் பார்த்து மயங்குவதற்கு முன், வீட்டில் விழும் வெயில், கிடைக்கும் தண்ணீர், இருக்கும் மண், அடிக்கும் காற்று ஆகிய நான்கையும் தெரிந்துகொண்டு, அவற்றுக்கு ஒத்துவரும் செடியைத் தேட வேண்டும்.

முதல் படி: வெயிலைக் கவனியுங்கள்

காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் வெயில் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதை ஒரே பருவத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. டிசம்பரில் நிழலாகத் தெரிந்த வடக்குப் பால்கனியில் மே மாதத்தில் வெயில் எட்டிப் பார்ப்பதும், மார்கழியில் வெயில் கொட்டிய தெற்குப் பால்கனி கோடையில் நிழலாகிவிடுவதும் இதனால்தான். எல்லாவற்றிலும் கடுமையானது மேற்குப் பக்கம். பிற்பகல் முழுவதும் சூடேறிய சுவர் இருட்டிய பிறகும் அனலை விட்டுக்கொண்டே இருப்பதால், அங்கே வைக்கும் செடிக்கு இரவிலும் ஓய்வு கிடைப்பதில்லை.

இரண்டாம் படி: தண்ணீரைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து. கடலை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உள்ளே ஊடுருவுகிறது. கோடையில் அதே போர்வெல் தண்ணீர் இன்னும் கரிக்கிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் குறைந்த விலையிலேயே கிடைக்கிறது. அளவு 500 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) கீழே இருந்தால் ஏறக்குறைய எந்தச் செடியையும் வளர்க்கலாம். 1000ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் செடிகளாகப் பார்த்து வாங்க வேண்டும். 2000க்கு மேல் போனால் ரோஜா, எலுமிச்சை, அவரை போன்றவற்றை மறந்துவிடுவது நல்லது.

மீட்டர் இல்லாதவர்களுக்குச் செடியே சொல்லிவிடும். இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுவதும், மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருப்பதும் உப்பு சேர்வதற்கான அடையாளங்கள். இட்லிப்பூச் செடியின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், காரத்தன்மையுள்ள நீரால் அதற்கு இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்குக் கூடுதலாக உரம் போட்டுப் பயனில்லை.

உப்பு நீர்தான் கிடைக்கும் என்றால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, தொட்டியின் அடித்துளை வழியாக வடியும் வரை ஒரேயடியாக ஊற்றுவது மேல். மேலே தங்கிய உப்பு அதனுடன் இறங்கிவிடும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால், அதைப் போர்வெல் தண்ணீருடன் கலந்து மென்மையான செடிகளுக்கு ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரில் உப்பு கூடியிருக்கும் என்பதால், அதைச் செடிக்கு அப்படியே ஊற்றக் கூடாது.

மூன்றாம் படி: மண்

திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணல். அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரிப் பகுதிகளில் சற்றுத் தோண்டினாலே பாறை. மணலுக்குத் தொழுவுரமும் இலைமக்கும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். களிமண்ணில் மேடு கட்டி நடாவிட்டால் ஐப்பசி மழையில் வேர் அழுகும். மாடியில் வைப்பவர்கள் தென்னை நார்க்கழிவு வாங்கினால், அதை நன்றாக அலசிய பிறகே செம்மண்ணுடன் கலக்க வேண்டும், ஏனெனில் அதிலும் உப்பு தங்கியிருப்பதுண்டு.

நான்காம் படி: காற்று

கடலிலிருந்து முதல் சில தெருக்களுக்குள் இருப்பவர்கள் உப்புத் துளி கலந்த காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருந்தால் காரணம் அதுவே. உயரமான மாடிகளில் காற்று மண்ணை விரைவில் காயவைக்கும் என்பதால் குட்டையான, அடர்ந்த செடிகளே அங்கே நிலைக்கும். தரையில் மரம் வைக்க இடமுள்ளவர்கள் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சாய்ந்தவற்றை நினைத்துப் பார்க்கலாம்: அழகுக்காக வரிசையாக நட்ட குல்மோகர் மரங்கள் ஏராளமாக விழுந்தன.

ஐந்தாம் படி: பட்டியல் போடுங்கள்

கடலோர நிலத்துக்கு என்ன பொருந்தும் என்பதை நெய்தல் திணையின் புன்னையும் தாழையும் அடம்பும் எப்போதோ சொல்லிவிட்டன. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி. இரண்டும் இந்த மண்ணின் வறட்சியையும் உப்பையும் தாங்குபவை. மனையில் இடமிருந்தால் புன்னையோ பூவரசோ ஒன்று வைக்கலாம். பழம் வேண்டும் என்பவர்களுக்கு, தண்ணீர் கரிக்கிற இடத்தில் மாவைவிடச் சப்போட்டாவே பொருத்தம்.

முழு வெயிலும் சுமாரான உப்பு நீரும் உள்ள மொட்டை மாடிக்குக் காகிதப்பூ, நித்தியகல்யாணி, அடேனியம், டேபிள் ரோஸ், கற்றாழை ஆகியவை பழகுவோருக்கு ஏற்றவை. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ கூடும். அரளியும் இவ்வளவு உறுதியானதே. ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கீரையில் பருப்புக்கீரை உப்பை நன்றாகவே தாங்கும். நல்ல தண்ணீர் கிடைத்தால் மல்லிகையை விடாதீர்கள். மற்றவை சோரும் கோடையில்தான் அது கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ரோஜாதான் வேண்டும் என்றால், கண்ணைப் பறிக்கும் கலப்பின வகைகளைவிடப் பன்னீர் ரோஜா நம் வெயிலை நன்கு பொறுத்துக்கொள்கிறது. வெயில் குறைந்த பால்கனிக்குக் கற்பூரவள்ளி, வெற்றிலை, ஸ்நேக் பிளான்ட் போதும்.

ஆறாம் படி: பார்ப்பது மே மாதத்தில், வாங்குவது ஆகஸ்டில்

கத்திரி வெயிலில் நர்சரிக்குச் சென்று, நிழல்வலைக்கு வெளியே எந்தச் செடி வாடாமல் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஆனால் அப்போது வாங்காதீர்கள். ஆடி முடிந்து ஆவணியில் நட்டால், மாலை இடிமழையில் வேர் பிடித்து, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே செடி நிலைத்துவிடும். நீர் தேங்கும் மனையாக இருந்தால் மட்டும் மழை ஓய்ந்த தை மாதத்துக்குத் தள்ளிப்போடலாம்.

நர்சரிகளில் விற்கும் செடிகளில் பல ஆந்திரத்தின் கடியம், பெங்களூரு, ஓசூர் போன்ற இடங்களிலிருந்து வருபவை, பெரும்பாலும் நிழல்வலைக்குள் இருந்தவை. பூத்துக் குலுங்கும் செடியைவிட மொட்டும் புதுத் தளிரும் உள்ள செடியை எடுங்கள். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் சில நாட்கள் நிழலிலும், பிறகு காலை வெயிலிலும் வைத்து, பத்துப் பன்னிரண்டு நாட்களில் படிப்படியாக முழு வெயிலுக்குப் பழக்கிய பின்பே தொட்டி மாற்ற வேண்டும். மாற்றுவது மாலையில், மாற்றியதும் வடியும் வரை தண்ணீர். புதுத் தளிர் விடும் வரை உரம் எதுவும் தேவையில்லை.