பட்டறைக்கு ஏப்ரன் வாங்கும்போது

ஏப்ரனில் நான் முதலில் பார்ப்பது நாடாவைத்தான். கழுத்தில் மாட்டும் ஒற்றை நாடா, பையில் சுத்தியலும் அளவு டேப்பும் ஏறியதும் பிடரியை இழுக்கும். முதுகில் குறுக்காகப் போகும் நாடா பாரத்தைத் தோளுக்குக் கொண்டுபோகும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவருக்கு அதுதான் சரி. முடிச்சு பின்பக்கம் இருக்கட்டும். மிச்ச நுனியை உள்ளே செருகிவிடுங்கள். தொங்கும் நுனி சுழலும் லேத் இயந்திரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

மர வேலைக்குத் தடித்த பருத்தி கான்வாஸ் போதும். வெல்டிங்குக்குத் தோல் ஏப்ரன்தான். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், தீப்பொறி பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், மார்புப் பைக்கு மூடி இருக்கிறதா பாருங்கள். திறந்த பையில் மரத்தூள் நிறையும், பொறியும் விழுந்து தங்கும். வாங்கும் முன் போட்டுக்கொண்டு ஒருமுறை குந்தி எழுங்கள். கால் தடுக்கினால் நீளம் அதிகம்.